கிரவுண்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் என்னிடம் கேட்டவை

27 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாநிலப் போட்டி வரைக்கும் பிள்ளைகளை ரயிலிலும் பஸ்ஸிலும் கூட்டிப் போயிருக்கிறேன். காலரிப் படிக்கட்டில் காத்திருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் என்னிடம் கேட்டவை ஊர் மாறினாலும் மாறவில்லை. பெரும்பாலும் எழுந்து போகும்போது, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

எல்லா கோச்சையும் சந்தேகப்படச் சொல்றீங்களா மேடம்?

இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, தன் கைக்காசில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுக்கும் மாஸ்டர்களை எனக்குத் தெரியும். அவர்களால்தான் கிராமத்துப் பிள்ளைகள் மேலே வருகிறார்கள்.

ஆனால் யாரை அணியில் எடுப்பது, யாரை மாநிலப் போட்டிக்கு அனுப்புவது, யாருக்குச் சான்றிதழ் கிடைப்பது எல்லாமே பல இடங்களில் ஒரே ஆள் கையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழை நம்பித்தான் கல்லூரி சீட்டும், தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடும். இவ்வளவும் கையில் இருக்கும் ஒருவரைக் கேள்வி கேட்க ஆளில்லை, அவர் பிள்ளையோடு தனித்திருக்கும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை என்றால் அங்கேதான் நான் பயப்படுகிறேன். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தத் தனிமையைக் குறைப்பது பற்றித்தான். நல்ல கோச் யாரும் இதற்கு முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அகாடமியில சேர்க்கும்போது என்னத்தைக் கேட்கிறது? ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டு வந்துடறோம்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு 2020இல் வந்த விதிகளில் பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும், அதையும் அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும் என்பது விதி. கோச்சுக்கு மட்டுமில்லை, பிள்ளைகளோடு பழகும் வேன் டிரைவருக்கும் வார்டனுக்கும் வாட்ச்மேனுக்கும் இது பொருந்தும். "சரிபார்ப்பு முடிச்சாச்சா சார்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

இன்னும் 2 கேள்வி கேளுங்கள். பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது? "என்கிட்டதான்" என்று கோச்சே சொன்னால் அது பதிலே இல்லை. அவரைத் தவிர இன்னொருவர் பெயர் வேண்டும். பயிற்சி நேரத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? பக்கத்தில் நின்று சத்தம் போடாதீர்கள் என்று சொன்னால் நியாயம். கதவைச் சாத்திக்கொண்டு "யாரும் வரக்கூடாது" என்றால் வேறு இடம் பாருங்கள்.

அடிச்சு வளர்த்தாதான் விளையாட்டு வரும்னு சொல்றாங்களே? எங்க காலத்துல வாங்காத அடியா?

நானும் வாங்கியிருக்கிறேன். தடை ஓட்டம் பழகியபோது கட்டையைத் தட்டிவிட்டால் கெண்டைக்காலில் பிரம்படி விழும். அந்த அடியில் நான் கற்றுக்கொண்டது கட்டைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க. இடித்தால்தானே அடி? பின்னால் வந்த ஒரு கோச் அந்தப் பழக்கத்தை மாற்ற 2 வருடம் பாடுபட்டார். பயந்த உடம்பு இறுகிவிடும். இறுகின உடம்புக்குத் தாண்டவும் வராது, குறி பார்த்து எறியவும் வராது.

ஜப்பானில் பள்ளியில் அடிப்பதை 1947லேயே சட்டம் தடுத்துவிட்டது. ஆனாலும் விளையாட்டு மன்றங்களில் "ஒழுக்கம்" என்ற பெயரில் அடி தொடர்ந்தது. 2012 டிசம்பரில் ஒசாகாவில் ஒரு பள்ளிக் கூடைப்பந்து அணியின் கேப்டன், 17 வயதுப் பையன், பயிற்சியாளரிடம் திரும்பத் திரும்ப அடி வாங்கியபின் உயிரை மாய்த்துக்கொண்டான். அதன்பிறகுதான் அந்த நாடே இதைப் பற்றி வாய் திறந்து பேசியது. நம் நாட்டிலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75ஆம் பிரிவின்படி, தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு 3 வருடம் வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் தருகிறது. "நீங்க அடிச்சே சொல்லிக் கொடுங்க சார், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று பெற்றோரே சொல்லிவிட்டுப் போவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அதற்கப்புறம் எது நடந்தாலும் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லாது.

லேட்டா வந்ததுக்கு நாலு ரவுண்டு கூட ஓட விட்டா அதுவும் தப்பா?

நாலு ரவுண்டு தப்பில்லை. மே மாத மத்தியானத்தில் தண்ணீர் தராமல் ஓட விட்டால் தப்பு. காய்ச்சலோடு வந்த பிள்ளையை ஓட விட்டாலும், மயங்கி விழுந்ததை "நடிக்கிறா" என்று சொன்னாலும் தப்பு. தண்ணீரையும் கழிவறையையும் தண்டனையாக மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. மாதவிடாய் நாளில் இருக்கும் பெண் பிள்ளை அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்லித்தான் ஓய்வு கேட்க வேண்டும் என்ற நிலை இருந்தால், அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

தொடாம எப்படிங்க ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தர முடியும்?

முடியாது. பல்டி அடிக்கும் பிள்ளையின் இடுப்பைத் தாங்காவிட்டால் கழுத்து முறியும். மல்யுத்தம், ஜூடோ, நீச்சல், சிலம்பம் எல்லாவற்றிலும் தொடுதல் உண்டு. எங்கே, எதற்காகப் பிடிக்கப் போகிறோம் என்று முதலில் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும் இடத்தில், அந்த அசைவுக்குத் தேவையான அளவு பிடித்து, முடிந்ததும் கையை எடுத்துவிடுவார் நல்ல கோச். "வேண்டாம் சார்" என்று பிள்ளை சொன்னால் நிறுத்துவார்.

சிகிச்சை என்ற பெயரில் வரும் தொடுதலில் இன்னும் கவனம் வேண்டும். மசாஜ், பிசியோ, "தசைப்பிடிப்பு எடுத்து விடறேன்" எல்லாம் தனி அறையில் நடக்கக் கூடாது. ஆடையைக் கழற்றச் சொல்வதற்கும், தொடை இடுக்கில் கை வைப்பதற்கும் எந்தக் கோச்சுக்கும் காரணம் கிடையாது. மருத்துவத் தேவை என்றால் மருத்துவமனைக்குப் போகலாம்.

நாங்க கூடவே உட்கார்ந்திருந்தா போதும்ல?

போதாது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிறுமிகளிடம் அத்துமீறியபோது, சில நேரம் பெற்றோர் அதே அறையில்தான் இருந்தார்கள். அவர்கள் பார்வையை மறைத்து நின்றுகொண்டு அதைச் சிகிச்சை என்றார். 1997லேயே கோச்சிடம் சொன்னதாகவும் அவர் நம்பவில்லை என்றும் ஒரு பெண் பின்னாளில் சொன்னார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் அவருக்கு 40 முதல் 175 ஆண்டு சிறை விதித்தது. அதற்கு முன் 150க்கும் அதிகமான பெண்கள் நீதிபதி முன் நின்று தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள்.

அதனால் நீங்கள் பக்கத்தில் இருப்பதோடு, எது சரியான தொடுதல் என்பது பிள்ளைக்கும் தெரிய வேண்டும். உடல் உறுப்புகளின் பெயரைக் கூச்சப்படாமல் சொல்லப் பழக்குங்கள். "அங்க வலிச்சுது" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்று நமக்குப் புரியாது.

பையன்தானே, அவனுக்கு என்ன பயம்?

போக்சோ சட்டத்தில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தைதான். இங்கிலாந்தில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் கால்பந்து வீரர், சிறுவனாக இருந்தபோது தன் கோச் செய்த கொடுமையை 2016 நவம்பரில் வெளியே சொன்னார். அவரைப் பார்த்துப் பல முன்னாள் வீரர்கள் முன்வந்தார்கள். எல்லாம் வெளியே வலுவாகத் தெரிந்த ஆண்கள், வருடக்கணக்காக வாயைத் திறக்காதவர்கள்.

விடுதியில் மூத்த பையன்கள் செய்வதும் இதில் சேரும். துணி துவைக்க வைப்பது, ராத்திரி எழுப்பி அடிப்பது, ஆடையை அவிழ்த்துப் படம் எடுப்பது. "சீனியர் ஜூனியர்னா அப்படித்தான்" என்று வார்டன் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கோச் எங்க பொண்ணு மேல ரொம்பப் பாசமா இருக்கார். ஷூ வாங்கித் தந்தார், ராத்திரி வாட்ஸ்அப்ல பேசறார். நல்லதுதானே?

ஷூ வாங்கித் தருவது நல்ல மனமாகவே இருக்கலாம். முதலில் சொன்ன முட்டை மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் எல்லோருக்கும் கொடுத்தார். இங்கே ஒரே பிள்ளைக்கு, உங்களுக்குத் தெரியாமல் பரிசு வருகிறதா? "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற வார்த்தை எங்காவது வருகிறதா? தீய எண்ணம் உள்ளவர் எடுத்த எடுப்பில் தப்பு செய்வதில்லை. முதலில் குடும்பத்தின் நம்பிக்கையைப் பிடிப்பார். பிறகு "நீதான் ஸ்பெஷல்" என்று பிள்ளையைத் தோழிகளிடமிருந்து பிரிப்பார். பிறகு சின்னச் சின்ன ரகசியங்கள், வண்டியில் தனியாக இறக்கிவிடுவது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும்.

நீங்கள் சண்டை போட வேண்டியதில்லை. "சார், மெசேஜ் எல்லாம் பேரண்ட்ஸ் குரூப்ல போடுங்க, நேரா இவளுக்கு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். நல்லவர் சரி என்பார், அதோடு முடிந்தது. "என்னை நம்பலையா? அப்ப வேற கோச் பாத்துக்குங்க" என்று மிரட்டினால் அப்போதே யோசியுங்கள்.

வெளியூர் டூர்னமெண்டுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. ஆனால் பெண் பிள்ளைகள் போனால் ஒரு பெண் பொறுப்பாளர் கட்டாயம் கூடப் போக வேண்டும். 2022இல் ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குப் போன இந்திய சைக்கிள் வீராங்கனை ஒருவர் கோச் மீது புகார் கொடுத்தார். அதற்குப் பிறகு, வீராங்கனைகள் இருக்கும் அணிகளோடு பெண் பயிற்சியாளர் போக வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் உத்தரவிட்டது. தேசிய அணிக்கே அது தேவை என்றால் நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேவையில்லையா?

எங்கே தங்குகிறார்கள், ஒரு அறையில் எத்தனை பேர், பெரியவர் யாராவது அதே அறையில் படுக்கிறார்களா என்று கேளுங்கள். ராத்திரி ஒரு முறை பிள்ளையே வீட்டுக்குப் பேச வேண்டும். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு "பசங்க நல்லா இருக்காங்க" என்று கோச் மட்டும் பேசினால் போதாது.

கபடிக்கு எடை குறைக்கணும்னு ரெண்டு நாளா தண்ணிகூடக் குடிக்காம இருக்கான். அதுவும் கொடுமைல வருமா?

கட்டாயம் வரும். பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடுவது, எச்சில் துப்பிக்கொண்டே இருப்பது, பேதி மாத்திரை எல்லாம் நான் கண்ணால் பார்த்தவை. இதில் இறங்குவது கொழுப்பு இல்லை, உடம்பின் தண்ணீர். அமெரிக்காவில் 1997 கடைசியில், சில வார இடைவெளியில், எடை குறைக்க முயன்ற 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே விதியை மாற்றினார்கள். வளரும் பையன் வளரத்தான் செய்வான். 55 கிலோ பிரிவு தாண்டிவிட்டால் அடுத்த பிரிவில் ஆடட்டும். கோச் தரும் பெயர் தெரியாத மாத்திரையையும் ஊசியையும் டாக்டரிடம் காட்டாமல் தொடவே விடாதீர்கள்.

அவ எதுவுமே சொல்லல. எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?

பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். விளையாட்டே நின்றுபோகும் என்ற பயம்தான் முதல் காரணம். உங்களுக்குத் தெரிந்தால் உங்கள் முதல் வார்த்தை "இனிமே கிரவுண்டுக்குப் போகவேண்டாம்" என்பதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "என்ன நடந்தாலும் உன் விளையாட்டை நிறுத்த மாட்டேன்" என்று ஒன்றும் நடக்காத நாளிலேயே சொல்லி வையுங்கள்.

நான் கவனித்த அடையாளங்கள் சில. சாயங்காலம் 4 மணிக்கு மட்டும் வரும் வயிற்றுவலி. கிளம்பும் முன் "இன்னைக்கு எந்த சார்?" என்ற கேள்வி. வெயிலிலும் கழற்றாத டிராக்சூட். போட்டி பிடிக்கிறது, பயிற்சிதான் பிடிக்கவில்லை என்கிற நிலை. இவற்றில் ஒன்றை வைத்து முடிவுக்கு வரவேண்டாம், அதற்காகப் பார்க்காமலும் விடவேண்டாம். தினமும் "ஜெயிச்சியா?" என்று கேட்பதற்குப் பதில் "யார்கூட வார்ம்-அப் பண்ணினே, யார் உன்னைக் கொண்டுவந்து விட்டாங்க?" என்று கேட்டுப் பழகினால், ஒரு நாள் பதில் தடுமாறும்போது உங்களுக்குத் தெரியும்.

சொல்லிட்டா மேடம். இப்ப என்ன செய்யட்டும்?

முதலில் கேளுங்கள். அழாதீர்கள், கத்தாதீர்கள், "நீ ஏன் அங்க போனே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல இல்ல" என்று சொல்லுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். சித்தி, பெரியம்மா என்று ஆளாளுக்குத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். அன்றைக்கு நடந்தது என்றால் உடையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். போனில் ஏதும் படம் வந்திருந்தால் அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், போனையே போலீசிடம் கொடுங்கள்.

பிறகு 1098க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான இலவச எண், எந்த நேரமும் எடுப்பார்கள். அவசரம் என்றால் 112. பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசின் 14417 இருக்கிறது. காயம் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது.

சங்கத்துல பெரிய மனுஷங்க இருக்காங்க. உள்ளுக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாமா?

பாலியல் குற்றம் என்றால் முடியாது, சட்டம் விடாது. போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, இப்படி ஒன்று நடந்தது தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழே வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்தால் 1 வருடம் வரை. "சாரை வார்ன் பண்ணிட்டோம், மன்னிப்பு கேட்டுட்டார்" என்று செயலாளர் சொன்னால், அவர் தன்னையே மாட்டிக்கொள்கிறார் என்று பொருள்.

கோச்சைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டுவதும் வேண்டாம். சாட்சிகளைக் கலைக்கவும் போனைத் துடைக்கவும் நீங்களே அவருக்கு அவகாசம் கொடுத்ததாகிவிடும். அடி, அவமானம், பட்டினி போன்றவற்றை முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்கலாம். அசையாவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ 1098க்கோ போங்கள்.

ஸ்டேஷனுக்குப் பொண்ணைக் கூட்டிட்டு அலையணுமா?

வேண்டாம். பிள்ளை வீட்டிலோ, அவள் விரும்பும் வேறு இடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை பெண் எஸ்.ஐ. வருவார், சீருடையில் வரக்கூடாது. ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனை செய்வது பெண் டாக்டர். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை அவள் நேருக்கு நேர் பார்க்கும்படி விடமாட்டார்கள். பெயரையும் படத்தையும் பள்ளியின் பெயரையும் வெளியிடுவதே குற்றம்.

வெளியூர் மீட்டில் நடந்திருந்தாலும் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். "எங்க எல்லைல வராது" என்று திருப்பி அனுப்ப முடியாது.

புகார் கொடுத்தா அவ விளையாட்டு வாழ்க்கையே போயிடுமே?

இந்தப் பயத்தை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1990இல் ஹரியானாவின் பஞ்ச்குலாவில் 14 வயது டென்னிஸ் மாணவி ஒருத்தி, மாநில டென்னிஸ் சங்கத் தலைவர் தன்னிடம் அத்துமீறியதாகச் சொன்னாள். அவர் உயர் போலீஸ் அதிகாரி. அவளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள், அவள் சகோதரன்மீது திருட்டு வழக்குகள் போட்டார்கள். 1993இல் அந்தப் பெண் உயிரை விட்டாள். தீர்ப்பு வந்தது 2009இல், 6 மாத சிறை. மேல்முறையீட்டில் அது 18 மாதம் ஆனது. இத்தனை வருடமும் வழக்கை விடாமல் நடத்தியது அவள் தோழியும் தோழியின் பெற்றோரும்.

போக்சோ வந்தது 2012இல். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத பாதுகாப்பு பலவும் இப்போது சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் தனியாகப் போகாதீர்கள். அதே கோச்சிடம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேராவது கூட நிற்கட்டும். அணித் தேர்வில் ஒதுக்கினால் தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் குறித்து வைத்து எழுத்தில் கேளுங்கள். இலவச வக்கீல் வேண்டுமானால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.

பர்த் சர்டிபிகேட்ல வயசைக் குறைச்சுத் தந்தது அந்த கோச்தான். இப்ப அதை வச்சே மிரட்டறார்.

இந்தக் கேள்வியை அழாமல் கேட்டவர்கள் இல்லை. வயதைக் குறைத்தது தவறு. பிள்ளை கொஞ்ச காலம் ஆட முடியாமல் போகலாம், பெற்ற பரிசுகள் போகலாம், உங்களிடமும் விசாரணை வரலாம். ஆனால் நீங்கள் அந்தத் தவறைச் செய்தீர்கள் என்பதால் பிள்ளையைத் தொடும் உரிமை அவருக்கு வந்துவிடாது. மேலே சொன்ன சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வக்கீலைப் பார்த்து, இரண்டையும் மறைக்காமல் சொல்லிப் புகார் கொடுங்கள். இன்னும் சேராதவர்களுக்குச் சொல்கிறேன். வயதைத் திருத்தித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், உங்கள் குடும்பத்தின் குடுமியைக் கையில் கேட்கிறார்.

எனக்கு இப்ப 19 வயசு. பத்தாவது படிக்கும்போது நடந்தது. இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது?

சொல்லலாம். நடந்தபோது உனக்கு 18 ஆகவில்லை என்றால், போக்சோவின் கீழேயே புகார் கொடுக்கலாம் அம்மா. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளரைக் கைது செய்தது, இளம் வீராங்கனை ஒருவர் துணிந்து கொடுத்த புகாரில்தான். அதற்குப் பிறகு, முன்பு அவரிடம் பயின்ற மற்றவர்களும் வந்து சொன்னார்கள். நீ முதல் ஆளாகப் பேசினால், பேசக் காத்திருக்கும் இன்னொருத்திக்கு வழி கிடைக்கும்.

18 வயதுக்குப் பிறகு நடப்பதற்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் உதவும். அதில் ஸ்டேடியமும் பயிற்சிக்கூடமும் போட்டி நடக்கும் இடமும் பணியிடம் என்றே எழுதியிருக்கிறது. அங்கே உள்ள புகார்க் குழுவுக்கோ, மாவட்ட அளவிலான குழுவுக்கோ 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நான் கோச். யாராவது பொய்ப் புகார் கொடுத்தா என் கதி?

நியாயமான பயம்தான். வன்மத்தோடு பொய் சொல்லும் பெரியவர்களைத் தண்டிக்கப் போக்சோ சட்டத்தில் 22ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தை சொன்னது தவறு என்று ஆனாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது. ஆனால் தம்பி, அதை நம்பிக்கொண்டிருப்பதைவிட உங்கள் பழக்கத்தை மாற்றுங்கள். ஸ்டோர் ரூமில் ஒரு பிள்ளையோடு தனியாக நிற்காதீர்கள். பைக்கில் தனியாக ஏற்றிப் போகாதீர்கள். மெசேஜ் எல்லாம் குரூப்பில் போகட்டும். காயம் பட்டால் இன்னொரு பெரியவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு முதலுதவி செய்யுங்கள். நான் 27 வருடமும் பொருள் வைக்கும் அறையின் கதவை ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருந்தேன்.

எங்க ஊர்ல விரட்டின கோச் பக்கத்து மாவட்டத்துல அகாடமி நடத்தறார். நாங்க என்ன செய்ய முடியும்?

புகாரே கொடுக்காமல் விரட்டினீர்கள் என்றால், நடந்ததற்கு எந்தப் பதிவும் இல்லை. முன்பு சொன்ன காவல்துறைச் சரிபார்ப்பில் அவர் சுத்தமான ஆளாகத்தான் தெரிவார். அதனால் இப்போதாவது பதிவு செய்யுங்கள். போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற போக்சோ 19ஆம் பிரிவின் கடமை உங்களுக்கு இன்னும் இருக்கிறது, தாமதத்துக்கு என்ன காரணம் என்பதை எழுதிக்கொள்ளலாம். அந்த மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கும், தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் அந்தக் கடிதத்தைத் தாண்டி வேறு எங்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் படத்தைப் போட்டு எச்சரிப்பதைவிட, பதிவுத் தபாலில் போகும் அந்த ஒரு கடிதத்துக்குத்தான் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.